டைட்டானியம் ஃப்ரேமை யாரிடம் விற்பது?

துருப்பிடிக்காது. பெயின்ட் உரியாது, பெரும்பாலும் பெயின்டே இருக்காது. பல வருடம் சரளையிலும் சேற்றிலும் ஓடிய பிறகும் துடைத்து வைத்தால் புதிதாகவே நிற்கும். டைட்டானியம் ஃப்ரேமை வாங்கும்போது நம்மை மயக்கும் இந்தக் குணங்கள்தான் விற்கும்போது இடைஞ்சலாகின்றன. பார்க்க வருகிறவருக்கு அது எவ்வளவு உழைத்திருக்கிறது என்று கண்ணால் கண்டுகொள்ள வழியில்லை. வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் இருக்குமோ, சீட் போஸ்ட் உள்ளே இறுகிப்போயிருக்குமோ என்று அவர் மனம் குடைந்துகொண்டே இருக்கும்.

அந்தச் சந்தேகத்துக்கு யாராவது விலை கொடுத்தே ஆகவேண்டும். வாங்குகிறவர் விலையைக் குறைத்துக் கேட்பார். அல்லது நடுவில் நிற்கும் தளமோ கடையோ பொறுப்பேற்றுக்கொண்டு கமிஷன் எடுக்கும். அல்லது உங்களை நேரில் அறிந்தவர் உங்கள் சொல்லை நம்பி வாங்குவார். அப்போது உங்கள் சொல்தான் பணயம். எங்கே விற்பது என்ற கேள்விக்கு விடை, இந்த மூன்றில் எதற்கு நீங்கள் உடன்படுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. கொலராடோவின் மூட்ஸ், டென்னசியின் லின்ஸ்கி, மாசசூசெட்ஸின் செவன் என்று டைட்டானியத்துக்குப் பேர்போன பட்டறைகள் இருக்கும் அமெரிக்கச் சந்தையை வைத்து ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

தனி ஃப்ரேமா, முழு சைக்கிளா?

முதல் முடிவு, எதை விற்கிறோம் என்பது. ஃப்ரேம் மட்டும் வாங்க வருகிறவரிடம் சக்கரம், கியர், பிரேக் எல்லாம் ஏற்கெனவே இருக்கும். அவற்றை மாட்ட ஓர் உடம்பு தேடுகிறார். இப்படிப்பட்டவர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் என்ன வேண்டும் என்று தெரிந்து வருகிறவர்கள். டைட்டானியத்துக்கு உரிய விலையைக் கொடுப்பவர்களும் இவர்கள்தான்.

முழு சைக்கிளாக விற்றால் கூட்டம் பெரிது. ஆனால் வருகிறவர்களில் பாதிப்பேருக்கு அது டைட்டானியமா அலுமினியமா என்பதே பொருட்டல்ல. பழைய கியர் செட்டின் வயது மொத்த விலையையும் கீழே இழுத்துவிடும். உங்கள் கியரும் சக்கரமும் புதியவையென்றால் கழற்றி அடுத்த சைக்கிளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவை தேய்ந்த பழைய 10 அல்லது 11 கியர் செட்டாக இருந்தால் முழு சைக்கிளாகவே தள்ளிவிடுவது மேல். பாகம் பாகமாகப் பிரித்து விற்றால் கூட்டுத்தொகை கூடும்தான். ஆனால் பெடல் ஒருவருக்கு, கிராங்க் ஒருவருக்கு என்று ஒவ்வொரு பொட்டலமாகக் கட்டி அனுப்பப் பொறுமை வேண்டும்.

பலருக்கும் ஒத்துவருவது ஃப்ரேமும் ஃபோர்க்கும் சேர்ந்த ஜோடி. சரளைப் பாதைக்கான கிராவல் ஃபோர்க்குகள் ஆக்சிலிலிருந்து தலைப்பகுதி வரை பெரும்பாலும் 400 மி.மீ.யை ஒட்டி இருந்தாலும், நீளத்திலும் வளைவிலும் சிறிய மாற்றம் வந்தாலே வண்டி திரும்பும் விதம் மாறிவிடும். அதனால் பொருந்தும் ஃபோர்க் கூடவே வருவது வாங்குகிறவருக்கு ஒரு தலைவலி குறைந்த மாதிரி. இதில் ஒரு நிபந்தனை உண்டு: ஃபோர்க்கின் ஸ்டியரர் குழாய் எவ்வளவு நீளத்தில் வெட்டப்பட்டிருக்கிறது என்பது. ஹேண்டில்பாரைத் தாழ வைத்து ஓட்டிய ஒருவர் குட்டையாக வெட்டியிருந்தால், நெட்டையான இன்னொருவருக்கு அந்த ஃபோர்க் உதவாது. அப்படியிருந்தால் ஃப்ரேமுக்கு மட்டும் விலை சொல்லி, ஃபோர்க்கை இலவசமாகச் சேர்த்துக் கொடுப்பது நேர்மையும்கூட, லாபமும்கூட.

ஹெட்செட், பின் ஆக்சில், சீட் கிளாம்ப், பின் கியர் மாற்றியைத் தாங்கும் டெரெய்லர் ஹேங்கர் ஆகிய சில்லறைச் சாமான்களை ஒன்றும் எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மாடலுக்கென்றே செய்த ஹேங்கரும் ஆக்சிலும் தனியாகத் தேடினால் எளிதில் கிடைக்காது. உங்கள் மேசை இழுப்பறையில் உதிரி ஹேங்கர் ஒன்று கிடந்தால், அதைப் பெட்டியில் போடுவது பத்து வரி விளம்பரத்தைவிட அதிகம் பேசும்.

விளம்பரத்துக்கு முன் சோதனை

மாட்டுச் சந்தையில் சுழியும் பல்லும் பார்ப்பதுபோல, டைட்டானியம் வாங்கிப் பழகியவர் நேராகக் குனிந்து பார்க்கும் இடங்கள் சில உண்டு. ஹெட் டியூபும் டவுன் டியூபும் சேரும் இடம், பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றியுள்ள வெல்டிங், டிஸ்க் பிரேக் உட்காரும் இடது செயின் ஸ்டே, சீட் டியூபின் மேல்வாயில் உள்ள பிளவு. இவற்றை நீங்கள் முதலில் பாருங்கள். மண்ணெல்லாம் போகக் கழுவி, நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் பூதக்கண்ணாடியோடு. சீட் போஸ்டைக் குறைந்தபட்சக் கோட்டுக்கு மேலே உயர்த்தி ஓட்டியிருந்தால் சீட் டியூபின் மேல்பகுதியை இரண்டு முறை பாருங்கள். விரிசலா, வெறும் கீறலா என்று சந்தேகமாக இருந்தால், சாயம் ஊற்றி விரிசல் தேடும் சோதனையைப் பட்டறைகளில் செய்வார்கள். டைட்டானியத்தைத் திரும்ப வெல்டு செய்ய முடியும். ஆனால் ஆர்கான் வாயு காப்புக்குள் செய்யத் தெரிந்த கை வேண்டும். சாதாரண வெல்டிங் கடையில் கொடுத்தால் ஃப்ரேம் பாழ்.

அடுத்தது சீட் போஸ்ட். டைட்டானியம் துருப்பிடிக்காது என்பது உண்மை. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம் அரிக்கும் என்பதும் உண்மை. உப்பும் வியர்வையும் நீரும் சேர்ந்து அலுமினியப் போஸ்டைக் குழாய்க்குள் ஒட்டவைத்துவிடும். இறுகிய போஸ்டை அறுத்து எடுக்கவேண்டிய நிலை வந்தால், பட்டறைக் கூலி ஃப்ரேம் விலையில் ஒரு பங்கைத் தின்றுவிடும். கழற்றிப் பாருங்கள். வந்துவிட்டால் துடைத்து, ஒட்டாமல் காக்கும் ஆன்டி சீஸ் பசை தடவி மாட்டுங்கள். பாட்டம் பிராக்கெட்டுக்கும் இதே வைத்தியம். போஸ்ட் கையால் மேலும் கீழும் நகர்வதை ஒரு சின்ன வீடியோ எடுத்து வையுங்கள். வாங்குகிறவர் கேட்கும் முன்பே காட்டலாம்.

பிரஷ் ஃபினிஷ் ஃப்ரேமில் உள்ள மேலோட்டமான கீறலைச் சமையலறைப் பச்சைப் பஞ்சு வகை உரசும் பட்டையால் தேய்த்து மறைத்துவிடலாம். மணல் வீசி மங்கலாக்கிய பரப்பிலோ, நிறம் ஏற்றிய பரப்பிலோ இதைச் செய்யாதீர்கள். தேய்த்த இடம் தனியாகத் தெரியும். நசுங்கல் இருந்தால் மறைக்காமல் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள்.

பிறகு எண்கள். 54 என்று ஒரு நிறுவனம் எழுதுவதும் இன்னொன்று எழுதுவதும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஸ்டாக், ரீச் இரண்டையும் மி.மீ.யில் கொடுத்துவிடுங்கள். பாட்டம் பிராக்கெட் திருகு வகையா, அழுத்திச் செருகும் வகையா. திருகென்றால் 68 மி.மீ. பிஎஸ்ஏவா, டி47ஆ. பின் ஆக்சில் 12×142 மி.மீ.யா, பழைய 135 மி.மீ. குவிக் ரிலீஸா. பிரேக் ஃபிளாட் மவுண்டா, போஸ்ட் மவுண்டா. சீட் போஸ்ட் 27.2 மி.மீ.யா, 31.6 மி.மீ.யா. எவ்வளவு அகலமான டயர் போகும். இந்த விவரங்கள் விலையை நேரடியாகத் தீர்மானிப்பவை.

சமீப வருடங்களில் முளைத்த கேள்வி ஒன்றும் உண்டு: யுடிஹெச் ஹேங்கர் இருக்கிறதா? ஸ்ராம் நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த பொது ஹேங்கர் இது. அதே நிறுவனம் 2024-இல் வெளியிட்ட 13 கியர் கிராவல் செட், இந்த ஹேங்கருக்கான ஃப்ரேமில்தான் மாட்டும். அதனால் யுடிஹெச் இல்லாத நல்ல ஃப்ரேமுக்குக்கூட ஒரு கூட்டம் குறைந்துவிட்டது. 11, 12 கியர்களோடு திருப்தியாக இருப்பவர்கள் இன்னும் ஏராளம். உங்கள் விளம்பரம் அவர்களைத்தான் கூப்பிட வேண்டும்.

ஐந்து வழிகள்

*கூட ஓட்டுகிறவர்கள்.* வாராவாரம் சேர்ந்து ஓட்டும் குழுவில் சொல்வது முதல் வழி. அவர்கள் அந்த ஃப்ரேமைப் பார்த்திருக்கிறார்கள், நீங்கள் விழுந்ததையும் விழாததையும் அறிவார்கள். சந்தேகம் ஏறக்குறைய இல்லை, கமிஷன் இல்லை, பெட்டி கட்டும் வேலையும் இல்லை. வாங்கும் முன் ஒரு சனி, ஞாயிறு ஓட்டிப் பார்க்கக் கொடுக்கலாம். குறை என்னவென்றால், முகம் பார்த்துப் பேரம் பேசக் கூசும், கேட்க நினைத்ததைவிடக் குறைத்தே சொல்லுவீர்கள். விற்ற பிறகு மேட்டில் ஏறும்போது பாட்டம் பிராக்கெட்டில் கிரீச்சென்று ஒரு சத்தம் கேட்டால், அடுத்த ஞாயிறு அவர் உங்கள் பக்கத்திலேயேதான் ஓட்டிக்கொண்டு வருவார். ஆகவே தெரிந்தவர்தானே என்று வாய்ப்பேச்சோடு விடாமல், உள்ள குறைகளையும், எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்பதையும் ஒரு செய்தியாக எழுதி அனுப்பிவிடுங்கள். பிற்பாடு மனக்கசப்பு வராது.

*ஊருக்குள் விளம்பரம்.* ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், கிரெய்க்ஸ்லிஸ்ட். நேரில் பார்த்து, பணத்தை எண்ணி, எடுத்துப் போவார்கள். கட்டணம் கிடையாது. ஆனால் தனி ஃப்ரேமுக்கு இந்தச் சந்தை மந்தம்தான், “சக்கரம் எங்கே?” என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே அலுத்துவிடும். கொலராடோ, வடக்குக் கலிஃபோர்னியா மாதிரி சைக்கிள்காரர்கள் நிறைந்த பகுதியென்றால் முயலலாம். பார்க்காமலே முழுப் பணம் தருகிறேன், என் ஆள் வந்து எடுத்துக்கொள்வான், உன் ஃபோனுக்கு வந்த எண்ணைச் சொல் என்று தொடங்கும் பேச்சை அங்கேயே முறித்துவிடுங்கள். சந்திக்கும் இடம் வீடாக இருக்க வேண்டாம். பல ஊர்களில் போலீஸ் நிலைய வாசலில் இதற்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

*சைக்கிள்காரர்களின் சந்தை.* பிங்க்பைக் மாதிரி சைக்கிளுக்கென்றே உள்ள வாங்கல் விற்றல் பகுதிகள், குறிப்பிட்ட ஃப்ரேம் நிறுவனத்தின் பிரியர்கள் கூடும் குழுக்கள். விஷயம் தெரிந்தவர்கள் இருக்கும் இடம். லைட்ஸ்பீடை 1986-இல் தொடங்கிய லின்ஸ்கி குடும்பமே 2006-இல் சொந்தப் பெயரில் இன்னொரு நிறுவனம் தொடங்கியது என்ற கதையெல்லாம் இவர்களுக்கு அத்துப்படி. அந்த ஆண்டு மாடலுக்கு என்ன ஆக்சில் என்று உங்களைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரியும். நியாயமான விலை கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் நாட்டின் மறுகோடிக்கு அனுப்பவேண்டி வரும். பணமும் முகம் தெரியாதவரிடமிருந்து வரும்.

*ஈபே.* எல்லாவற்றிலும் பெரிய கூட்டம். தகராறு வந்தால் தீர்த்துவைக்க ஒரு முறை இருப்பதால் வாங்குகிறவருக்குத் தைரியம். அந்தத் தைரியத்துக்கான கட்டணத்தை, ஏறத்தாழ 13 சதவீதம், உங்களிடம் வசூலிப்பார்கள். அதுவும் பொருளின் விலைக்கு மட்டுமல்ல, விற்பனை வரியையும் அனுப்பும் செலவையும் சேர்த்த தொகைக்கு. இங்கே விற்காவிட்டாலும் விலை பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. கேட்கும் விலைகளை விட்டுவிட்டு, விற்று முடிந்தவை என்ற வடிகட்டியைப் போட்டுப் பாருங்கள். சந்தை உண்மையில் என்ன கொடுக்கிறது என்று தெரியும்.

*கடை.* சைக்கிள் கடையில் வைத்து விற்றுத்தரச் சொல்லலாம். விற்றதும் கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். பங்கு கடைக்குக் கடை மாறும். கால் பங்கு கேட்பதை அநியாயம் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் வாடகை அவர்களுடையது. கையோடு பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளும் கடையென்றால் இன்னும் குறையும். ஊர் மாறுகிறவர்கள், விளம்பரம், கேள்வி, பதில் எதற்கும் நேரமில்லாதவர்கள் இங்கே போகலாம்.

கையில் நிற்பது எவ்வளவு?

1,500 டாலர் பெறும் ஃப்ரேம் ஒன்றை உதாரணமாக வைத்துக்கொள்வோம். பெட்டி, அனுப்பும் செலவு 100 டாலர் என்றும் அதை நீங்களே ஏற்பதாகவும் கணக்குப் போடலாம்.

- கூட ஓட்டுகிறவர்: கூச்சத்தில் 200 டாலர் குறைத்து 1,300 சொன்னாலும், 1,300 முழுதாகக் கையில்.
- ஊருக்குள் விளம்பரம்: பேரத்தில் 100 போனால் 1,400.
- சைக்கிள்காரர்களின் சந்தை: 1,500. பேபால் கட்டணம் ஏறத்தாழ 3 சதவீதம், அதாவது 45. அனுப்பும் செலவு போக 1,355.
- ஈபே: 1,500. வரி 8 சதவீதம் என்று வைத்தால் கட்டணம் 210 அளவில் வரும். மீதி 1,190.
- கடையில் வைத்து விற்றால்: கால் பங்கு போக 1,125.

தெரிந்தவருக்கு மலிவாகக் கொடுத்துவிட்டோமே என்று உறுத்தும் 1,300, ஈபேயில் முழு விலைக்கு விற்றுக் கையில் நிற்பதைவிட அதிகம். ஊர் விளம்பரத்தின் 1,400 காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் விஷயம் தெரிந்த ஆள் உங்கள் ஊரிலேயே இருந்தால்தான் அது நடக்கும்.

வரி பற்றி ஒரு வார்த்தை. சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளை வாங்கிய விலைக்குக் குறைவாக விற்றால் அமெரிக்காவில் அதற்கு வருமான வரி இல்லை. அந்த நஷ்டத்தைக் கணக்கில் கழிக்கவும் முடியாது. வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அந்த ரசீதுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆயுட்கால உத்தரவாதம் என்று நிறுவனங்கள் சொல்வது பெரும்பாலும் முதல் உரிமையாளருக்கு மட்டுமே. கைமாறியதும் அது முடிந்துவிடும். பழைய டைட்டானியத்தின் விலை புதியதைவிட இவ்வளவு இறங்குவதற்கு இது பெரிய காரணம். உத்தரவாதம் உண்டு என்று வாய்தவறிக்கூடச் சொல்லாதீர்கள். ரசீதின் நகல் கொடுப்பது ஃப்ரேம் திருட்டுப் பொருள் இல்லை என்பதற்குச் சாட்சியாக நிற்கும். பாட்டம் பிராக்கெட்டுக்கு அடியிலோ பின்புறத்திலோ உள்ள வரிசை எண்ணைப் பைக் இண்டெக்ஸ் பதிவேட்டில் ஏற்றியிருந்தால், விற்கும்போது புது உரிமையாளர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.

தூரத்துக்கு அனுப்புவதென்றால்

ஃப்ரேமின் எடை மூன்று, நான்கு பவுண்டுதான். ஆனால் கூரியர்காரர் எடைக்கு மட்டும் காசு வாங்குவதில்லை, அடைக்கும் இடத்துக்கும் வாங்குகிறார். 40×28×8 அங்குலப் பெட்டியின் கன அளவு 8,960. ஃபெடெக்ஸ் கணக்குப்படி அதை 139 ஆல் வகுத்தால் 65 பவுண்டு பொட்டலத்துக்கான கட்டணம் விழும். நீளமும் சுற்றளவும் சேர்ந்து வரம்பைத் தாண்டினால் அதற்கும் தனியாக. ஆகவே விலை சொல்வதற்கு முன் பெட்டியை அளந்து கட்டணத்தைப் பாருங்கள். பக்கத்துச் சைக்கிள் கடையில் கேட்டால் புது ஃப்ரேம் வந்த காலிப் பெட்டி சும்மாவே கிடைக்கும்.

குழாய்களுக்கு நுரைக்குழல் சுற்றுங்கள். பின் ஆக்சில் இடைவெளியில் ஆக்சிலையோ பிளாஸ்டிக் கட்டையையோ மாட்டி வையுங்கள். வெறுமையாக விட்டால் பெட்டி மீது எடை விழும்போது இரண்டு கைகளும் உள்ளே வளையும். ஹேங்கரைக் கழற்றித் தனிப் பையில் போடுங்கள். ஃபோர்க் பெட்டிக்குள் உருளாமல் கட்டிவையுங்கள்.

முகம் தெரியாதவரிடம் பணம் வாங்கும்போது, பேபாலில் நண்பர்களுக்கு அனுப்பும் வழியைக் கேட்காதீர்கள். உங்களுக்குக் கட்டணம் மிச்சம்தான்; ஆனால் அந்த வழியில் வாங்குகிறவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை, விவரம் தெரிந்தவர் அதைக் கேட்டதுமே விலகிவிடுவார். உதாரணக் கணக்கில் வந்த அந்த 45 டாலர்தான் சந்தேகத்தைப் போக்க இருக்கும் செலவுகளிலேயே மலிவானது. உங்கள் பக்கப் பாதுகாப்புக்கு, கட்டுவதற்கு முன் வரிசை எண்ணோடு எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். 750 டாலருக்கு மேற்பட்ட பொருள் என்றால் பேபாலின் விற்பனையாளர் பாதுகாப்புக்குப் பெற்றவரின் கையெழுத்தோடு கூடிய ஒப்படைப்புச் சான்று தேவை; அதையும் சேர்த்தே கூரியரைப் பதியுங்கள்.

யாருக்கு எந்த வழி?

பெயர் பெற்ற நிறுவனம், நடுத்தர அளவு, 12×142 ஆக்சில், திருகு பாட்டம் பிராக்கெட் என்றால் உங்களுக்கு அவசரமே இல்லை. முதலில் கூட ஓட்டுகிறவர்களிடம் சொல்லுங்கள். ஓரிரு வாரம் பார்த்துவிட்டுச் சைக்கிள்காரர்களின் சந்தைக்குப் போங்கள். ஈபே கடைசியில் இருக்கட்டும்.

ஒருவர் உடலளவுக்கென்று செய்வித்த ஃப்ரேம் என்றால் கதை வேறு. புதிதாகச் செய்வித்தபோது எவ்வளவு கொடுத்தீர்கள் என்பது இங்கே செல்லாது. அதே கால் நீளமும் கை நீளமும் உள்ள ஆள் ஊரில் இருப்பது அபூர்வம் என்பதால் கூட்டம் பெரிதாக வேண்டும். அந்த நிறுவனத்தின் பிரியர் குழுவிலும் ஈபேயிலும் ஒரே சமயத்தில் போடுங்கள். முழு வரைபட அளவுகளையும் கொடுங்கள்.

பழைய குவிக் ரிலீஸ், போஸ்ட் மவுண்ட் ஃப்ரேமைத் தனியாக விற்க முயன்று அலுத்துப்போவதைவிட, இருக்கும் பாகங்களோடு முழு சைக்கிளாக ஊருக்குள் விற்றுவிடுங்கள். பொருந்தும் சக்கரம் தேடும் வேலை வாங்குகிறவருக்கு மிச்சமாகும், அதுவே விலையைத் தாங்கிப் பிடிக்கும்.

விரிசல் இருந்து சரிசெய்த ஃப்ரேம் என்றால் கூட ஓட்டுகிறவர்களைத் தவிர வேறு யாரிடமும் நல்ல விலை எதிர்பார்க்காதீர்கள். சரிசெய்த பட்டறையின் ரசீதை வைத்திருந்து, அதை முதல் படமாகப் போட்டால் ஓரளவு தேறும். சரிசெய்யாத விரிசல் என்றால் விற்பனையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஓட்டுகிறவரின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

காலத்தையும் கணக்கில் எடுங்கள். கான்சஸின் எம்போரியாவில் 2006 முதல் நடந்துவரும் 200 மைல் அன்பவுண்ட் கிராவல் பந்தயம் மே கடைசியை ஒட்டி வரும். அதற்கும் கோடைகாலச் சவாரிகளுக்கும் சைக்கிள் கோக்கிறவர்கள் பிப்ரவரி, மார்ச்சிலேயே ஃப்ரேம் தேடத் தொடங்கிவிடுவார்கள். நவம்பரில் விளம்பரம் போட்டால், வருட இறுதித் தள்ளுபடியில் வரும் புது ஃப்ரேம்களோடு மோதவேண்டும். புதியதற்கும் உங்களுடையதற்கும் விலை வித்தியாசம் சில நூறு டாலராகச் சுருங்கினால், உத்தரவாதம் உள்ள பக்கம்தான் யாரும் சாய்வார்கள். பணம் அவசரமில்லையென்றால் குளிர்காலத்தில் சோதனை, படம், அளவு எல்லாவற்றையும் முடித்து வைத்துக்கொண்டு, பிப்ரவரியில் விளம்பரம் போடுங்கள்.